கறுத்துப் போன வெள்ளி

லூக்கா நற்செய்தியின் 15-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். அவளிடம் பத்து வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றில் ஒன்று காணாமற் போயிற்று. உடனே அவள் விளக்கை ஏற்றினாள், வீட்டைக் கூட்டினாள், மூலை முடுக்கெல்லாம் தேடினாள். காசு கிடைத்ததும் தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து மகிழ்ந்தாள். மனந்திரும்பும் ஒரு பாவியைக் குறித்து விண்ணகத்தில் உண்டாகும் மகிழ்ச்சியை விளக்கவே இந்த உவமை சொல்லப்பட்டது என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம்.

இந்தப் பெண்ணிடம் நாம் கற்க வேண்டிய வீட்டுப் பாடம் ஒன்றும் இருக்கிறது. தன்னிடம் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் போனது எது என்றும் தெரிந்தது. நம்மில் எத்தனை பேருக்கு நம் வீட்டுப் பரண்மேல் இருப்பது என்னவென்று தெரியும்? கறுத்து, நசுங்கி, பழந்துணியில் முடிந்து கிடக்கும் ஒரு கிண்ணம் ஈயமா, ஜெர்மன் சில்வரா, வெள்ளியா என்று அறியாமலே எத்தனை வீடுகளிலிருந்து அது பழைய சாமான்காரரின் கோணிப் பைக்குள் போய்ச் சேருகிறது! பழைய பொருள்களுக்கு நடுவே வெள்ளியை இனங்கண்டு கொள்வது எப்படி, கண்ட பின் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எவர்சில்வர் வந்தது, வெள்ளி போனது

நம் குருபரப்பள்ளி வட்டாரத்தில் பல மொழிகள் பேசப்படுகின்றன. தமிழில் வெள்ளி என்பதைக் கன்னடத்தில் பெள்ளி என்றும், தெலுங்கில் வெண்டி என்றும், உருதுவில் சாந்தி என்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் எல்லா வீட்டிலும் அது கொஞ்சமாவது இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடை, இடுப்பில் அரைஞாண், காலில் தண்டை, கையில் காப்பு, விசேஷ நாளில் எடுத்து வைக்கக் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு என்று வசதிக்கு ஏற்ப வைத்திருந்தார்கள். வங்கிகள் கிராமங்களுக்கு வராத காலத்தில் வெள்ளியே பெண்களின் சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் காப்பை அடகு வைத்து வீட்டுச் செலவைச் சமாளித்தார்கள். விளைந்த ஆண்டில் மீட்டார்கள்.

பிறகு துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரங்கள் வந்தன. அவற்றுக்கு நம் மக்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: எவர்சில்வர்! அதாவது என்றும் கறுக்காத வெள்ளி. அதில் ஒரு குன்றிமணி வெள்ளி கூடக் கிடையாது. இருந்தாலும் அதன் பளபளப்பில் மயங்கி, கறுத்த பழைய பாத்திரங்களைத் தெருவில் வருபவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு தூக்குவாளியோ நான்கு தம்ளரோ வாங்கிக் கொள்வது வழக்கமாயிற்று. பித்தளையும் செம்பும் போயின. அவற்றோடு கலந்து வெள்ளியும் போனது.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் நெடுஞ்சாலை நெடுகிலும் தொழிற்சாலைகள் பெருகி, குருபரப்பள்ளிக்கும் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. வேலையும் வருமானமும் வந்தன. ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழுந்தது. இது மகிழத்தக்க மாற்றமே. ஆனால் பழைய வீட்டை இடிக்கும்போது பரண், மரப்பெட்டி, அடுக்குப் பானை எல்லாம் ஒரே நாளில் காலியாகின்றன. அந்த ஒரு நாள் அவசரத்தில்தான் மூன்று தலைமுறைச் சேமிப்பு காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

தராசு அறியாதது

மேலை நாடுகளில் பழைய பொருள்களை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. மக்கள் தமக்கு வேண்டாத உடை, பாத்திரம், நாற்காலி முதலியவற்றை இலவசமாகக் கொடுப்பார்கள். அவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தைத் தரும காரியங்களுக்குச் செலவிடுவார்கள். 1833-ம் ஆண்டு பாரிஸ் நகரில் முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கடைகள் பலவற்றை நடத்தி ஏழைகளுக்கு உதவி வருகிறது. அந்தக் கடைகளில் சாமான்களைப் புரட்டிப் பார்த்து, கறுத்துக் கிடக்கும் கரண்டியின் பின்புறத்தில் வெள்ளி முத்திரை தேடுவதை ஒரு கலையாகவே பலர் பழகியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் என்னதான் கிடைக்கும் என்று கேட்கலாம். இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்வோம்.

அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர், சந்தை ஒன்றில் சிறிய பொன் முட்டை ஒன்றை ஏறக்குறைய 14,000 டாலருக்கு வாங்கினார். உருக்கி விற்றால் கொஞ்சம் லாபம் வரும் என்பது அவர் கணக்கு. உருக்குபவர்களோ அவர் கொடுத்ததை விடக் குறைவாகவே கேட்டார்கள். அதனால் அது ஆண்டுக் கணக்கில் அவர் வீட்டிலேயே கிடந்தது. 2012-ல் முட்டைக்குள் இருந்த கடிகாரத்தில் பொறித்திருந்த பெயரை வைத்து அவர் தேடிப் பார்த்தார். அது ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாண்டர் 1887-ம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு பரிசாகத் தம் மனைவிக்குக் கொடுத்த பாபெர்ஜே முட்டை என்று தெரிய வந்தது! 2014-ல் லண்டனில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பல கோடி ரூபாய் பெறுமானமுள்ள அந்தப் பொருள் உலைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், உருக்குபவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டதுதான்.

இரண்டாவது, 2018-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்தது. தருமக் கடை ஒன்றில் 34 டாலர் 99 சென்டுக்கு ஒரு பெண்மணி வாங்கிய சலவைக்கல் தலைச்சிலை, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான ரோமானியச் சிலை என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின் போது ஜெர்மனியில் ஒரு காட்சிக்கூடத்திலிருந்து காணாமற் போனது அது. உண்மை தெரிந்ததும் அவர் அதைத் தம்முடையது என்று பிடித்து வைத்துக் கொள்ளவில்லை. சில காலம் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் மக்கள் பார்த்த பின், 2023-ல் அது ஜெர்மனிக்குத் திரும்பிச் சென்றது.

நம் நாட்டில் இந்த வேலையைச் சென்னை மூர் மார்க்கெட் செய்து வந்தது. 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம் முதல் பீங்கான், கடிகாரம், வெள்ளிச் சாமான் வரை எல்லாம் கிடைக்கும் என்பார்கள். 1985 மே மாதம் 30-ம் நாள் தீப்பற்றி அது அழிந்து போயிற்று. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்கள் விற்கப்படுகின்றன. நமக்கு மிக அருகில் இருப்பவை ஊர்தோறும் உள்ள காயலான் கடையும், பழைய பாத்திரக் கடையும், அடகுக் கடையுந்தான்.

இந்த இடங்களில் ஒரு பொருளுக்குத் தராசுதான் விலை சொல்லும். தராசுக்கு எடை தெரியும். வேலைப்பாடு தெரியாது, வயது தெரியாது, செய்தவர் யார் என்றும் தெரியாது. அவற்றை நம் கண்தான் படித்தறிய வேண்டும். நிறுப்பதற்கு முன் படி! இதுவே இக்கட்டுரையின் சாரம்.

முத்திரைகள் பேசும்

தூய வெள்ளி மென்மையானது, எளிதில் வளையும். ஆகவே பாத்திரம் செய்யச் சிறிது செம்பு சேர்ப்பார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தால் அதற்கு ஸ்டெர்லிங் வெள்ளி என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் மைசூர் இராச்சியத்தின் பெங்களூர்த் தண்டுப் பகுதியிலும், சேலம், ஏற்காடு போன்ற இடங்களிலும் வாழ்ந்த வெள்ளையர் குடும்பங்கள் இத்தகைய பொருள்களைத் தம் நாட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். ஊர் திரும்பும்போது பலவற்றை விற்றுவிட்டுப் போனார்கள். ஆகவே அவர்கள் நாட்டு முத்திரைகளை அறிந்து வைத்திருப்பது நமக்கும் பயன்படும்.

இங்கிலாந்து வெள்ளியின் அடியிலோ பின்புறத்திலோ வரிசையாகச் சில சிறு முத்திரைகள் இருக்கும். இடப்புறம் நோக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி. அடுத்து, சோதித்த நகரத்தின் அடையாளம் இருக்கும். லண்டனுக்குச் சிறுத்தை முகம், பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதன் பின் ரோஜா. மூன்றாவது, ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. நான்காவது, செய்தவரின் பெயரின் முதலெழுத்துகள். இவற்றோடு அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால், அது 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி செலுத்திய பொருள் என்று பொருள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எட்டாம் வகுப்பு மாணவி கூட இந்த வரலாற்றைப் படித்துவிடலாம். அமெரிக்கப் பொருளில் ஸ்டெர்லிங் என்ற சொல்லே பொறித்திருக்கும். ஜெர்மானியப் பொருளில் 1888-க்குப் பின் பிறையும் கிரீடமும், 800 போன்ற ஓர் எண்ணும் காணப்படும். பிரெஞ்சுப் பொருளில் 1838 முதல் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவதையின் தலை இருக்கும்.

ஏமாற்றும் முத்திரைகளும் உண்டு. ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகளைக் கண்டால் அது வெள்ளி முலாம் பூசியது என்று அறியலாம். 1840-ல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் கம்பெனியார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்ற பின் இத்தகைய பொருள்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. உள்ளே இருப்பது நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. அதிலும் வெள்ளி இல்லை. வெளுத்ததெல்லாம் பால் ஆகுமா?

நம் நாட்டு வெள்ளி

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கிலாந்தைப் போல அரசு முத்திரையிடும் முறை இருக்கவில்லை. செய்த கம்பெனியின் பெயரே முத்திரை. கல்கத்தாவில் ஹாமில்டன், சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர். அண்ட் சன்ஸ் ஆகியோர் புகழ் பெற்றவர்கள். தெய்வ உருவங்களைப் பின்புறமிருந்து தட்டி எழுப்பிச் செய்த தேநீர்ச் சாமான்களைச் சென்னையின் ‘சுவாமி’ வேலைப்பாடு என்று சொல்வார்கள். இந்த வேலைப்பாடு உள்ள பாத்திரங்களை இன்று உலகெங்கும் சேகரிப்பாளர் தேடி வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சிறு பால் குவளையை எடைக்குப் போட்டால் வெள்ளியின் விலை மட்டுமே வரும். செய்த பொற்கொல்லரின் கைத்திறன் உலையில் கரைந்து போகும்.

எடையில் வெள்ளி குறைவாக இருந்தும் மதிப்பு மிக்கவை உண்டு. தஞ்சாவூர்த் தட்டை எடுத்துக் கொள்வோம். பித்தளைத் தட்டின் மேல் செம்பு, வெள்ளித் தகடுகளை உருவங்களாகத் தட்டிப் பதித்திருப்பார்கள். சரபோஜி மன்னர் (1798-1832) காலத்தில் இக்கலை செழித்தது என்பர். தராசில் இது பித்தளை. பார்க்கத் தெரிந்தவருக்கு இது கலைச் செல்வம்.

எங்கள் பக்கத்து மலையடிவாரங்களில் வாழும் லம்பாடிப் பெண்களின் பழைய அணிகளும் இப்படித்தான். அவற்றில் வெள்ளியோடு வேறு உலோகமும் கலந்திருக்கும். ஆனால் அந்தக் காதணியும் கைவளையும் ஒரு சமூகத்தின் வரலாறு. உருக்கிவிட்டால் மறுபடி செய்ய ஆள் கிடைப்பது அரிது.

இன்று கடையில் வாங்கும் புது வெள்ளிக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை 2005 முதல் உண்டு. 2025 செப்டம்பர் முதல் முத்திரையிடும் வெள்ளிப் பொருளுக்குத் தனி அடையாள எண்ணும் இடுகிறார்கள். பாட்டியின் சிமிழில் இவை இரா. முத்திரை இல்லை என்பதனாலேயே அது வெள்ளி அல்ல என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

பாட்டி முடிந்து வைத்த ரூபாய்

சில வீடுகளில் விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலைபோட்ட வெள்ளி ரூபாய்கள் இன்னும் இருக்கின்றன. 1835 முதல் வழங்கிய அந்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு தூய வெள்ளி. கணக்குப் போட்டால் ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது. 1940-ல் போர்க் காலத்தில் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. ஆகவே காசின் மேல் உள்ள ஆண்டைப் பார்ப்பது முதல் வேலை.

சில ஆண்டுகளின் காசுகள் அரியவை. 1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றி போலத் தோன்றுகிறது என்று மக்கள் முறையிட்டார்கள். வெளிவந்தவை போக, எஞ்சியவற்றை அரசாங்கமே உருக்கிவிட்டது. மறு ஆண்டு யானையின் உருவத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். எனவே 1911-ம் ஆண்டுக் காசைச் சேகரிப்பாளர் அதிக விலைக்குக் கேட்கிறார்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கும், பளபளவெனத் தேய்த்த காசுக்கும் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும். போலிகளும் சந்தையில் உலவுகின்றன என்பதை மறக்கலாகாது.

ஆய்வகத்தில் ஒரு சோதனை

முத்திரை தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது? நம் அறிவியல் பாடமே துணைக்கு வரும். காந்தத்தை அருகில் கொண்டு சென்று பாருங்கள். ஒட்டினால் அது வெள்ளி அல்ல. ஒட்டாவிட்டாலும் வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது. செம்பும் பித்தளையும் ஜெர்மன் சில்வரும் கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

அடுத்து ஆர்க்கிமிடீஸ் தத்துவம். பொருளை முதலில் காற்றில் நிறுத்துக் கொள்ளுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டு நிறுங்கள். 210 கிராம் எடையுள்ள தூய வெள்ளி தண்ணீரில் 20 கிராம் குறைந்து 190 கிராம் காட்டும். 210-ஐ 20-ஆல் வகுத்தால் 10.5, அதுவே வெள்ளியின் ஒப்படர்த்தி. ஸ்டெர்லிங் வெள்ளிக்கு இது சிறிது குறையும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் சுமார் 24 கிராமும், எவர்சில்வர் சுமார் 27 கிராமும் குறையும். உட்புறம் அடைபட்ட பொருளுக்கு இச்சோதனை செல்லாது. உதாரணமாக, பழைய மெழுகுவர்த்தித் தண்டுகள் பலவற்றின் அடிப்பாகத்தில் அரக்கோ சாந்தோ நிரப்பியிருப்பார்கள். வெளித் தகடு மட்டுமே வெள்ளியாக இருக்கும்.

மூன்றாவது, தேய்மானத்தைக் கவனிப்பது. விளிம்பிலும் பிடியிலும் செந்நிறமோ மஞ்சள் நிறமோ எட்டிப் பார்த்தால் அது முலாம். திராவகம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் வீட்டில் யாரும் செய்யக் கூடாது. நைட்ரிக் அமிலம் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். அது பழகிய பொற்கொல்லரின் வேலை.

துலக்குவதிலும் நிதானம் வேண்டும்

வெள்ளி கறுப்பது ஏன்? காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கரும்படலமாகின்றன. முட்டையில் கந்தகம் இருப்பதால் வெள்ளிக் கரண்டியால் முட்டை உண்டால் அது கறுக்கும். கறுப்பு என்பது வெள்ளியின் குற்றமல்ல. அதைத் துருவென்று எண்ணி எறிந்துவிடுவது நம் அவசரம்.

சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் சித்திர வேலையும் அழியும். திருநீறு போட்டு மெதுவாகத் துடைப்பது நம் ஊர் வழக்கம். திண்மையான வெள்ளிக்கு அது போதும். முலாம் பூசியதாக இருந்தால் அடிக்கடி செய்தால் முலாம் போய்விடும். இன்னொரு முறையும் உண்டு. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளிப் பொருளை வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தோடு சேர்ந்துகொள்ளும். வெள்ளி தேயாது. கல் பதித்தவை, உள்ளே அரக்கு நிரப்பியவை, வேண்டுமென்றே கறுப்புச் சித்திரம் தீட்டியவை ஆகியவற்றுக்கு இம்முறை ஆகாது. மதிப்பு என்னவென்று தெரியாத பொருளைத் துலக்காமல் அப்படியே வைத்திருப்பதே நல்லது.

சட்டமும் மனச்சாட்சியும்

இனி, கண்டெடுத்தவர் அறிய வேண்டியவை. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, வயலை உழும்போதோ மண்ணுக்குள் காசுப் பானை கிடைத்தால் அது கண்டவருக்கே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஐயம் இருந்தால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கேட்டுத் தெளியலாம்.

அடகு வைக்கும்போது சீட்டில் ‘வெள்ளிச் சாமான் 1’ என்று எழுதுவதோடு விடக் கூடாது. என்ன பொருள், என்ன எடை, என்ன முத்திரை என்று எழுதச் சொல்லி வாங்க வேண்டும். மீட்கும்போது நம் பொருள்தான் திரும்புகிறதா என்று பார்க்க அதுவே சாட்சி.

திருப்பலிக்குரிய திருக்கிண்ணம், கதிர்ப்பாத்திரம், தூபக் கலசம் போன்றவை சில சமயம் பழைய பொருள்களோடு கலந்து வருவதுண்டு. அர்ச்சித்த அல்லது மந்திரித்த பொருள்கள் தனியாரிடம் இருந்தாலும் மரியாதையோடு காக்கப்பட வேண்டும்; வேறு உபயோகத்துக்கு ஆகா என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (1171) கூறுகிறது. அப்படி ஒன்றைக் கண்டால் பங்குத் தந்தையிடம் தெரிவிப்பது நம் கடமை.

கடைசியாக ஒரு கேள்வி. காயலான் கடைக்காரருக்கு விவரம் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது. ஐம்பது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடலாமா? அவர் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்; சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவது வியாபாரம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விற்பவர் தெருவோரத்தில் அமர்ந்த ஒரு மூதாட்டியாக இருந்தால்? குடும்பக் கஷ்டத்தில் தன் தாயின் சிமிழைக் கொண்டு வந்த ஒரு பெண்ணாக இருந்தால்? அவளுடைய அறியாமையை நாம் லாபமாக்கிக் கொண்டால், அது அவளுடைய சோற்றில் கை வைப்பதாகும். ‘அம்மா, இது வெள்ளி, விசாரித்து விற்றுக் கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்வதே படித்த பெண்ணுக்கு அழகு.

விக்டர் ஹியூகோ 1862-ல் வெளியிட்ட நாவலைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று பெரியோர் அறிவார்கள். அதில் வரும் ஆயர், தம் வெள்ளித் தட்டுகளைத் திருடிப் பிடிபட்டவனைக் காவலரிடமிருந்து விடுவித்து, ‘குத்துவிளக்குகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுச் சென்றாய்?’ என்ற கருத்தில் பேசி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் தருகிறார். அந்த வெள்ளி ஒரு மனிதனை மனிதனாக்கியது. ஆயருக்கு அதன் விலை தெரியாமலில்லை. அதைவிட ஓர் ஆன்மாவின் விலை நன்றாகத் தெரிந்திருந்தது.

என்ன செய்யலாம்?

1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டாலரை நெருங்கியபோது, மேலை நாடுகளில் மக்கள் வரிசையில் நின்று பாட்டன் காலத்துத் தேநீர்ச் சாமான்களை உருக்கக் கொடுத்தார்கள். சில மாதங்களில் விலை வீழ்ந்தது. உருகிய சாமான்கள் திரும்பவில்லை. நம் நாட்டில் 2024-ல் கிலோ வெள்ளி ஒரு லட்சம் ரூபாயை எட்டி, அதன் பின்னும் ஏறியது. சூரிய ஒளித் தகடுகளுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் வெள்ளி தேவைப்படுவது இதற்கு ஒரு காரணம். விலை ஏற ஏற, உருக்கும் ஆசையும் ஏறும்.

ஆகவே மாணவியரே, இந்த விடுமுறையில் அம்மாவோடும் பாட்டியோடும் அமர்ந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தயாரியுங்கள். பழைய உலோகப் பொருள் ஒவ்வொன்றையும் எடுத்து, முத்திரையை வரைந்து, எடையைக் குறித்து, யாருடையது, யார் கொடுத்தது, எந்தத் திருமணத்துக்கு வந்தது என்று பாட்டி சொல்வதை எழுதிக் கொள்ளுங்கள். பெற்றோரே, வறுமையால் விற்க நேர்ந்தால் விற்பதில் இழிவு இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு அந்த வெள்ளி உதவுமானால் பாட்டி மகிழவே செய்வார். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, என்னவென்று அறிந்து விற்றால் போதும். வெள்ளி கறுத்தால் துலக்கிக் கொள்ளலாம். அதைக் கொடுத்தவரின் பெயர் மறந்து போனால் துலக்கி எடுக்க முடியாது. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.